குறை சொல்லாத வீடு

நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் முழுசாக இருக்கிறேன். கை காலெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நீயும் அத்தானும் சௌக்கியமா? அவருடைய முழங்கால் இப்போது மடங்குகிறதா?

இங்கே செல்போன் கோபுரம் படுத்துவிட்டது, அதனால்தான் இந்தக் காகிதம். உங்கள் ஊர்க் கிடங்கிலிருந்து எங்களுக்குச் சாமான் ஏற்றி வரும் லாரி டிரைவர் அண்ணன் இதைக் கொண்டுவந்து தருவார். பதிலையும் அவரிடமே கொடு. தபாலைவிட வேகம். என்ன, கொஞ்சம் டீசல் வாடை அடிக்கும்.

கடல் ஊருக்குள் வந்து போய்விட்டது. போகிற போக்கில் சுவர்களை எடுத்துக்கொண்டு சேற்றை விட்டுப் போயிருக்கிறது. மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம்தான் இப்போது முகாம். ஒரு வகுப்பறைக்கு ஒரு தெரு என்று மக்கள் தாங்களாகவே பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அறிவியல் ஆய்வுக்கூடம். ஜாடிக்குள் ஊறும் தவளைகளுக்கு நடுவில் படுக்கிறேன். அவை என்னிடம் எதுவும் கேட்பதில்லை, அதுவே பெரிய உபகாரம்.

என் வேலை என்னவென்று அத்தான் கேட்டாரே, அவரிடம் சொல்லிவிடு. உதவ வந்திருக்கும் ஏழெட்டு அமைப்புகளை ஒரே மேசையில் உட்காரவைத்து, யார் எதைக் கொண்டுவருவது என்று பிரித்துக் கொடுப்பது. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். நேற்று மூன்று லாரி வந்தது, மூன்றிலும் போர்வை. ஒரு பானை கிடையாது, ஒரு அடுப்பு கிடையாது. போர்வையை வேகவைத்தா சாப்பிடுவார்கள்? தொண்டை வறளக் கத்தியதில் நாளைக்குப் பாத்திரம் வரும் என்கிறார்கள். அநேகமாக மூடி இல்லாமல் வரும்.

பத்து நாளில் திரும்பிவிடுவேன் என்று உன்னிடம் சொன்னது மறக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போகும்போல் இருக்கிறது. கண் சொருகுகிறது, நிறுத்துகிறேன்.

உன் சின்னவள்

நவம்பர் 17

அடி சின்னவளே,

நீ நன்றாக இருக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்குத் தண்ணீரே உள்ளே இறங்கியது. நான் இருக்கிறேன். உன் அத்தானுக்கு முழங்காலும் மடங்குகிறது, நாக்கும் நன்றாகவே மடங்குகிறது.

இந்த மனுஷர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பெற்றார், என் ஓய்வு போய்விட்டது. காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் முதல் எழுத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரைக்கும் சத்தம் போட்டுத்தான் படிப்பேன் என்கிறார். எனக்கு எதற்கு டெண்டர்? நான் பாலமா கட்டப் போகிறேன்? ஈரத் துண்டை நாற்காலியில் போடாதீர்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும் நாற்காலியில்தான் கிடக்கிறது. தேநீர் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு "ஆறிப்போச்சு" என்கிறார். பேப்பர் படித்துக்கொண்டே இருந்தால் ஆறாமல் கொதிக்குமா? குறட்டையைப் பற்றி எழுதவே வேண்டாம், உன் லாரியே தேவலை.

உன் அத்தானைத் திட்டினால் காது கொடுத்துக் கேட்பவள் நீ ஒருத்திதான். எப்போது வருவாய்? இரண்டு நாளாவது வந்து இரு. உனக்கும் ஓய்வு, எனக்கும் வாய்க்கு ஒரு வேலை.

டிரைவர் தம்பியிடம் தலைவலித் தைலமும் தேயிலையும் கொடுத்திருக்கிறேன். தைலத்தை ஊருக்கெல்லாம் தானம் பண்ணாமல் நீயும் தடவிக்கொள். கால் வீங்கினால் தலையணைமேல் தூக்கிவைத்துப் படு.

அக்கா

டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் தீர்ந்துவிட்டது, ஆனால் நான்தான் தீர்த்தேன், சத்தியம். காய்ச்சல் வந்து போனது, இப்போது இல்லை. உன் இரத்த அழுத்தம் எப்படி? அத்தானின் முழங்கால்?

எனக்கு இங்கே "டோக்கன் அம்மா" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் லாரி வந்தால் அடிதடி நடந்தது, நான் டோக்கன் கொண்டுவந்தேன். இப்போது டோக்கனுக்கு அடிதடி நடக்கிறது.

என் உயிரை வாங்குவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையும் இல்லை, வீடும் இல்லை. மனைவி முன்பே போய்விட்டாள், தனிக்கட்டை. நான் காலையில் பல்லைத் துலக்கி முடிப்பதற்குள் எதிரில் வந்து நிற்பார். "அரிசியில கல்லு." "கழிப்பறையில பல்பு எரியலை." "இந்த சோப்பு நுரைக்கவே மாட்டேங்குதும்மா, கல்லை வச்சே தேய்ச்சுக்கலாம்." முகாமில் மருந்து கொடுக்கும் நர்சம்மா அவருக்குப் புகார்ப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டாள். அவர் தெருக்காரர்கள் ஆறாம் வகுப்பு அறையில் இருக்கிறார்கள். அங்கே எல்லாரையும் சிரிக்கவைக்கிறார், அழவைப்பது என்னை மட்டும்தான்.

நாள் முழுக்கக் குறை கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, அக்கா. சரி, அக்கா கடிதமாவது படிப்போம் என்று பிரித்தால் அதிலும் அத்தான்மேல் ஒரு குற்றப்பத்திரிகை! உன் புலம்பலுக்குத் தனி லாரி விடவேண்டும். அடுத்த தடவை கொஞ்சம் நல்ல சேதியாக எழுது தாயே, புண்ணியமாகப் போகும்.

இப்போதைக்கு வர முடியாது. பள்ளிக்கூடத்தைத் திறந்தாக வேண்டும் என்று நெருக்குகிறார்கள். அதற்குள் தகரக் கூரை போட்டுத் தற்காலிக வீடுகள் எழும்ப வேண்டும். அது முடிந்ததும் கட்டாயம் வருகிறேன்.

உன் சின்னவள்

டிசம்பர் 21

சின்னவளுக்கு,

காய்ச்சல் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் இல்லை என்று எழுதினால் நான் நம்ப வேண்டுமா? மாத்திரை அனுப்பியிருக்கிறேன். என் அழுத்தம் ஏறி இறங்கி அதன் இஷ்டப்படி இருக்கிறது. அவர் முழங்கால் பரவாயில்லை.

சரி, குறை சொல்லவில்லை போ. நல்ல சேதி கேட்டாய், வாசலில் வைத்த செடி பூத்திருக்கிறது. அவ்வளவுதான் நல்ல சேதி.

நேற்று இங்கே வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது. துண்டில் ஆரம்பித்தது, எங்கெங்கோ போய்விட்டது. நான் வாயை மூடினாலே இந்த வீடு வீடாக இருக்குமாம். நீயும் அதையேதான் எழுதியிருக்கிறாய். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்சி ஆரம்பியுங்கள், நான் எதிர்க்கட்சியாக இருந்துவிட்டுப் போகிறேன்.

விளையாட்டு இருக்கட்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போயேன். நீ எதிரில் இருந்தால் அவருக்கும் எனக்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். வர முடியுமா பார். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்பு ஓடுகிறது. நீங்கள் இருவரும் நலமா? கோபுரத்தை நிமிர்த்திவிட்டார்கள், போன் வேலை செய்கிறது. ஆனால் ஊரே என் எண்ணைத்தான் வைத்திருக்கிறது. அது அடித்து ஓய்வதே இல்லை. உன்னிடமாவது காகிதத்தில் பேசுகிறேன்.

வீடுகள் எழும்பிவிட்டன. தகரம், பலகை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். யாருக்கு எந்த வீடு என்பதில்தான் சிக்கல். குழாய்ப் பக்கம் வேண்டும், கழிப்பறைப் பக்கம் வேண்டாம், ஊர்த் தலைவருக்கு முன்வரிசை, அவர் மச்சானுக்கு அதற்கும் முன்வரிசை. இங்கே யாரிடம் சாய்ந்தாலும் என் பெயர் நாறிப்போகும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லார் எதிரிலும் தண்ணீர்க் குடத்தில் சீட்டைப் போட்டுக் குலுக்கினோம். கை விட்டு எடுப்பதுதான் வீடு. தலைவருக்குக் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே விழுந்தது. எனக்கு உள்ளூர என்ன சந்தோஷம் தெரியுமா!

புகார்ப் பெட்டிக்கு மேட்டுப் பக்கம் கடைசி வரிசை. "பக்கத்துல யாரும்மா இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, சீட்டுக்கும் தெரியாது. போய்ப் பழகிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

ஒரு விரல்கூட என்னை நோக்கி நீளவில்லை, அக்கா. இந்த வேலையில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அத்தானுக்குத் தெரியும், அவரிடம் சொல். இனி கிணறுகளில் உப்புத் தண்ணீரை இறைக்க வேண்டும். அது முடிந்ததும் வந்துவிடுவேன்.

உன் சின்னவள்

ஜனவரி 30

சின்னவளுக்கு,

நலம். உன் வேலை நன்றாக நடப்பது அறிந்து மகிழ்ச்சி.

இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வீடு சுத்தமாக இருக்கிறது. நாற்காலி நாற்காலியாக இருக்கிறது. சொல்லும்படி வேறு ஒன்றும் இல்லை.

டிரைவர் தம்பியிடம் ஒரு மூட்டை கொடுத்திருக்கிறேன். உன் அத்தானின் சட்டைகள். இங்கே சும்மா தொங்கிக்கொண்டிருக்கின்றன. தேவைப்படுகிறவர்களுக்குக் கொடு.

அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, மற்றபடி நலம். நீயும் அத்தானும் எப்படி?

உன் கடிதம் படிக்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது! வீடு சுத்தம், எல்லாம் ஒழுங்கு. அத்தான் கடைசியில் திருந்திவிட்டாரா? இதைத்தானே நான் கேட்டேன்.

சட்டைகள் வந்தன. எல்லாமே நல்ல சட்டைகள், இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. அந்த நீலக் கட்டம் போட்டதையுமா கொடுத்துவிட்டார்? கல்யாணம் காட்சிக்கெல்லாம் அதைத்தானே போடுவார். இளைத்துவிட்டாரா, பருத்துவிட்டாரா? அதைப் புகார்ப் பெட்டியிடம் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டு "நல்லாயிருக்கும்மா" என்றார். கை நீளம், காலர் இறுக்கம் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. இப்போதெல்லாம் அவர் என்னைத் தேடி வருவதே இல்லை. தலைக்குமேல் கூரை கிடைத்த திருப்தியாக இருக்கும். நான் பல்லை நிம்மதியாகத் துலக்குகிறேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். புகார் எத்தனை என்று கேட்டார். இந்த வாரம் ஒன்றுகூட இல்லை என்றேன். கையைக் குலுக்கிவிட்டு, கடல் புகுந்த இன்னொரு கரைக்கும் நீங்களே போய்ப் பாருங்கள் என்றார். நன்றாக வேலை பார்த்ததற்கு இன்னும் கொஞ்சம் வேலை! அதனால் வருவது இன்னும் தள்ளிப் போகிறது.

உன் சின்னவள்

மார்ச் 3

சின்னவளுக்கு,

நலம். இருமலுக்கு வெந்நீர் குடி. அவசரம் ஒன்றும் இல்லை. உன் வேலையை முடித்துக்கொண்டு சௌகரியப்படும்போது வா.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை எழுதி இடத்தை வீணாக்கவில்லை.

புகார்ப் பெட்டி செத்துப் பிழைத்தார். நர்சம்மா குளோரின் மாத்திரை கொடுக்கக் கடைசி வரிசைக்குப் போனாள். ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, வாசலில் தண்ணீர்க் கேன் காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், "யார் இருக்காங்கன்னு தெரியாதுங்க, நாங்க வேற தெரு" என்றார்களாம். கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். தரையில் கிடந்தார். காய்ச்சல், பேதி. உதடெல்லாம் வெடித்திருந்தது. உடம்பில் அந்த நீலக் கட்டச் சட்டை. ஒரு நாள் பிந்தியிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன் சொல்லலை? வாய் ஓயாம சொல்ற ஆளாச்சே நீங்க" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். "யார்கிட்டம்மா சொல்றது? சுத்தி ஒரு முகமும் தெரியலை. உங்ககிட்ட வரலாம்னா, புகாரே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சந்தோஷமா சொல்லிட்டிருந்தீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

ஆறாம் வகுப்பு அறையில் ஒரே தெருவாக இருந்தவர்களைக் குடத்தில் போட்டுக் குலுக்கி நாலு பக்கமும் சிதறடித்தது நான். நியாயம் என்று நினைத்துத்தான் செய்தேன். ஒருவர் சோறு வாங்க வரவில்லை என்றால் "ஆளைக் காணோமே" என்று கேட்க ஒரு வாய் வேண்டும், அது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது யார் யாரோடு வேண்டுமானாலும் வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். பதிவெல்லாம் குழம்பிப்போகும் என்று தலைமை அலுவலகம் குதிக்கிறது. குதிக்கட்டும். பாயும் பானையுமாக ஊரே குறுக்கும் நெடுக்கும் நடக்கிறது. தினமும் காலையில் குறை சொல்லாத வீடுகளாகப் பார்த்து முதலில் அங்கே போகிறோம்.

முந்தாநாள் ஆஸ்பத்திரிச் சோற்றை ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னம்மா இது, பசை மாதிரி குழைஞ்சிருக்கு, சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், "பரவாயில்லைம்மா, சாப்பிட்டுக்குறேன்" என்கிறார்.

அன்றைக்கு முகாமுக்குத் திரும்பியதும் உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன், அக்கா. துண்டு இல்லை. டெண்டர் இல்லை. ஆறிப்போன தேநீர் இல்லை. எப்போது வருவாய் என்ற கேள்வியும் இல்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். "அக்கா வீட்டுலயா? அவங்க மட்டும்தான் இருப்பாங்க. வாசல்ல ஒரு ஜோடி செருப்புதான் கெடக்கும்" என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்றார்.

இப்போது கேட்கிறேன். அத்தான் குறட்டை விடுகிறாரா?

சின்னவள்

ஏப்ரல் 2

சின்னவளே,

குறட்டை இல்லை. விடுவதற்கு வீட்டில் ஆள் இல்லை.

ஜனவரி முதல் வாரமே போய்விட்டார். பெரிய சண்டைகூட இல்லை. ஈரத் துண்டைப் பார்த்தேன், வாயைத் திறந்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "உன் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்கு முடியலை. கொஞ்ச நாள் அமைதியா இருந்துட்டு வரேன்." பையை எடுத்துக்கொண்டு அவர் தம்பி வீட்டுக்குப் போனார். கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. ஒரு தடவை போன் பண்ணினார், மூக்குக் கண்ணாடி எங்கே என்று கேட்க. தலையில் இருக்கிறதா பாருங்கள் என்றேன். இருந்தது. வைத்துவிட்டார்.

உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நீயும் புலம்பாதே என்றுதானே எழுதினாய். கட்டியவரும் அதையே சொல்லி, நான் வளர்த்த நீயும் அதையே சொன்னால், கோளாறு என் வாயில்தான் என்று மூடிவிட்டேன். கோபத்தில் சட்டைகளை மூட்டை கட்டினேன். லாரி தெருமுனை தாண்டுவதற்குள் நீலக் கட்டத்தை மட்டுமாவது திரும்ப வாங்கலாமா என்று வாசல்வரை ஓடினேன்.

கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, முடுக்க எனக்குக் கை வலிக்கிறது. ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கத் தெரியவில்லை, தினமும் மிஞ்சுகிறது. நாற்காலி இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. காலையில் அந்தப் பேப்பரை எடுத்து நானே சத்தமாக டெண்டர் படித்தேன், பைத்தியம் மாதிரி. மாடிப்படியில் ஒரு தடவை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன், எழுப்பிவிட ஆள் இல்லாமல் நானே எழுந்தேன்.

பத்து நாள் என்று சொல்லிப் போன நீ இன்னும் வரவில்லை. அதுவும் எனக்குக் குறைதான். எழுதிவிட்டேன். கிழித்துப் போடலாம் என்றால் டிரைவர் தம்பி ஹாரன் அடிக்கிறார்.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் சாலை. டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொண்டுவந்து தரப்போவதும் நானேதான்.

நர்சம்மா பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். அந்த இன்னொரு கரைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். எனக்கும் முடியவில்லை, அக்கா. எலும்பெல்லாம் அசந்துபோய் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் நானும்தான் மறைத்தேன்.

புகார்ப் பெட்டி இப்போது அவர் தெருக்காரர்களுக்கு நடுவில் இருக்கிறார். நீலக் கட்டச் சட்டையைத் துவைத்து மடித்து என்னிடம் கொடுத்தார். "உடையவர் வந்து கேட்டா குடுக்கணும்ல. ஆனா சொல்லிடுங்க, மூணாவது பொத்தான் லூசு." சட்டை என் மடியில் இருக்கிறது. அத்தான் வருவாரா, மாட்டாரா, எனக்குத் தெரியாது. போய்க் கேட்கலாம், இரண்டு பேருமாக. வேண்டாம் என்று நீ சொன்னால் அதுவும் சரி.

வாசலில் இன்னொரு ஜோடி செருப்புக்கு இடம் வை. வந்ததும் தேநீர் போடு. ஒரு வாய் குடித்துவிட்டு ஆறிப்போச்சு என்று நான் சொல்வேன். நீ திட்ட ஆரம்பி. எனக்கு வேறு எந்த வேலையும் இல்லை.

உன் சின்னவள்